பிரேக் போட்டால் ஆற்றல் எங்கே போகிறது?



ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்ற மட்டுமே முடியும். இந்த விதியை வகுப்பில் எல்லாருமே மனப்பாடமாகச் சொல்வார்கள். "அப்படின்னா, பிரேக் போட்டதும் காடியோட ஆற்றல் எங்கே போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். ஹைபிரிட் மகிழுந்து, மின் மகிழுந்து இரண்டையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். கெந்திங் மலையிலிருந்து குடும்பத்தோடு பத்திரமாக இறங்கவும் இதன் விடை உதவும்.

சாதாரண பிரேக்

உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடேறும். சாதாரண பிரேக்கிலும் இதுதான் நடக்கிறது. சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டை இரண்டு பக்கமும் பிரேக் கட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. உராய்வினால் இயக்க ஆற்றல் வெப்ப ஆற்றலாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெய்க்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி இப்படித்தான் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் சூடாகிப் பறக்கிறது.

மீளாக்க பிரேக்

பழைய சைக்கிளில் டைனமோ வைத்த விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா? டைனமோவைச் சக்கரத்தின்மேல் சாய்த்ததும் விளக்கு எரியும். கூடவே மிதிப்பதும் கனமாகிவிடும். அந்தக் கனம்தான் இங்கே முக்கியம். மின்சாரம் சும்மா வருவதில்லை. சக்கரத்தின் இயக்கத்திலிருந்து அது பறிக்கப்படுகிறது.

மின் மகிழுந்தின் மோட்டாருக்கு இரண்டு வேலை. நாம் மிதியை அழுத்தும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கிச் சக்கரத்தைச் சுழற்றும். காலை எடுத்ததும் வேலை தலைகீழாகும். சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியாக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அந்தக் கனத்தால் மகிழுந்தின் வேகமும் குறையும். 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. 2024 டிசம்பரில் அறிமுகமான, புரோட்டோனின் முதல் மின் மகிழுந்தான இ.மாஸ் 7லும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1,500 கிலோகிராம் நிறையுள்ள மகிழுந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது விநாடிக்கு 20 மீட்டர்.

இயக்க ஆற்றல் = ½ × 1,500 × 20 × 20 = 300,000 ஜூல்.

இதில் 60 விழுக்காடு பேட்டரிக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம்: 180,000 ஜூல். ஒரு கிலோவாட் மணி என்பது 3,600,000 ஜூல். ஆகவே கிடைத்தது 0.05 கிலோவாட் மணி. ஒரு கிலோமீட்டர் ஓட 0.15 கிலோவாட் மணி தேவைப்பட்டால், இதை வைத்து ஏறத்தாழ 330 மீட்டர் ஓடலாம்.

"இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் நெரிசலில் நின்று நின்று போகும்போது எத்தனை முறை பிரேக் போடுகிறோம்! அதனால்தான் ஹைபிரிட் மகிழுந்தின் சிக்கனம் நெடுஞ்சாலையைவிட நகரத்தில் நன்றாகத் தெரிகிறது.

ஓட்டும் முறைகள்

ஈக்கோ: மிதியை அழுத்தினாலும் மகிழுந்து மெதுவாகத்தான் துள்ளும். பல மகிழுந்துகளில் குளிரூட்டியின் வேகமும் குறையும். பொறுமையில்லாமல் மிதியை மேலும் அழுத்தினால் சேமிப்பு போய்விடும்.

நார்மல்: அன்றாட ஓட்டத்திற்கு.

ஸ்போர்ட்: கொஞ்சம் அழுத்தினாலே உடனே பாயும். பெரும்பாலான மகிழுந்துகளில் இது மிதியின் சுறுசுறுப்பை மாற்றுகிறதே தவிர, மோட்டாரின் உச்சத் திறனைக் கூட்டுவதில்லை.

ஈவி: ஹைபிரிட்டில் மட்டும் உள்ளது. பேட்டரியில் போதிய மின்சாரம் இருந்தால், குறைந்த வேகத்தில் கொஞ்ச தூரம் இயந்திரம் இல்லாமலே ஓடும்.

கியர் 'பி': மின் மகிழுந்தில் மீளாக்கத்தைக் கூட்டும். ஹைபிரிட்டில் இயந்திரத்தின் தடையையும் சேர்த்துக்கொள்ளும். இந்த வேறுபாடு ஏன் என்பது மலையில் தெரியும்.

மலை இறங்கும்போது

கெந்திங் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதே மகிழுந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல்: 1,500 × 10 × 1,000 = 15,000,000 ஜூல், அதாவது 4 கிலோவாட் மணிக்கும் மேல். சாதாரண ஹைபிரிட்டின் பேட்டரி பெரும்பாலும் 1 கிலோவாட் மணியை ஒட்டியதுதான். பாதி மலையிலேயே நிரம்பிவிடும்! மிச்ச ஆற்றல் எங்கே போகும்? பேட்டரி வாங்க மறுத்தால், எல்லாப் பாரமும் உராய்வு பிரேக்கின் தலையில்தான் விழும். அது அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிமானம் குறைந்துவிடும். ஒருமுறை நான் இப்படி இறங்கியபோது கருகல் வாடை வந்தது. "ஏதோ எரியுதே" என்று பின்னால் இருந்த பிள்ளைகள்தான் முதலில் சொன்னார்கள். ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும் வரை காத்திருந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து 'பி'க்கு மாற்றுங்கள். ஹைபிரிட்டில் பேட்டரி நிரம்பிய பிறகும் இயந்திரம் எண்ணெய் எரிக்காமல் வெறுமனே சுழன்று ஆற்றலைச் செலவழிக்கும். மின் மகிழுந்து வைத்திருப்போர் மலை உச்சியில் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். மீளாக்கத்திற்கு இடம் வேண்டும். எந்த மகிழுந்தானாலும் 'நியூட்ரலில்' இறங்கவே கூடாது. அதில் மீளாக்கமும் இல்லை, இயந்திரத் தடையும் இல்லை.

தேர்வில் வரும் தவறுகள்

1. "பிரேக் போட்டால் புதிய ஆற்றல் உண்டாகிறது" என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே செலவழித்ததில் ஒரு பகுதி மீட்கப்படுகிறது, அவ்வளவுதான்.

2. திறன் வேறு, ஆற்றல் வேறு. கிலோவாட் என்பது திறன். கிலோவாட் மணி என்பது ஆற்றல்.

3. உருமாற்றத்தை வரிசையாக எழுதுங்கள்: இயக்க ஆற்றல் → மின்னாற்றல் → வேதி ஆற்றல். பேட்டரிக்குள் சேர்வது வேதி ஆற்றல் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முயன்று பாருங்கள்

அதே மகிழுந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? 150,000 ஜூல் என்று சொல்லத் தோன்றும். அது தவறு, சரியான விடை 75,000 ஜூல். வேகம் பாதியானால் ஆற்றல் ஏன் கால் பங்காகிறது என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வரியில் எழுதுங்கள். ஆசிரியர்களே, அந்த இரண்டு வரியைப் படித்தாலே போதும், பாடம் புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.