சஹர் நேரத்தை உங்கள் தொலைபேசி யாரிடம் கேட்கிறது?

கொழும்பை விட மட்டக்களப்பில் சூரியன் ஏறத்தாழ 7 நிமிடம் முந்துகிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. கொழும்பு 79.9 பாகையிலும் மட்டக்களப்பு 81.7 பாகையிலும் இருக்கின்றன. கொழும்பு நேரப்படி நோன்பு திறந்தால் நாம் சற்றுத் தாமதிக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் கொழும்பு சுபஹ் நேரத்தைப் பார்த்து சஹர் செய்தால், இங்கு சுபஹ் நேரம் வந்த பிறகும் உண்டுகொண்டிருப்போம்.

பள்ளிவாசல் அறிவிப்பு காதில் விழும் ஊரில் இது பிரச்சினையே அல்ல. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் வயல் வேலைக்கோ வியாபாரத்துக்கோ போய் இரவு தங்குபவருக்குக் கையிலுள்ள செயலிதான் முஅத்தின். அந்தச் செயலி எதை நம்பி நேரம் சொல்கிறது?

அதற்கு இரண்டு தகவல் வேண்டும்: இப்போது மணி என்ன, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்.

மணியைப் பொறுத்தவரை பயமில்லை. தொலைபேசிக் கோபுரமும் நேரம் சொல்கிறது, இணையத்திலுள்ள நேர வழங்கிகளும் சொல்கின்றன. கணினிகளில் வலையமைப்பைப் பராமரிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு வரிசையைப் பின்பற்றும். நீங்களே குறிப்பிட்ட வழங்கி இருந்தால் அதுதான் முதலில். இல்லாவிட்டால் இணைப்பைத் தரும் ரவுட்டர் சொல்லும் வழங்கி. அதுவும் இல்லையேல் மென்பொருளைச் செய்தவர்கள் உள்ளே எழுதி வைத்த வழங்கி. நல்ல மென்பொருள் ஒன்றை மட்டும் நம்பாது. பல வழங்கிகளிடம் கேட்டு, பதில் வந்து சேர எடுத்த நேரத்தையும் கணக்கிட்டு, மற்றவற்றோடு ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடும். இணையப் பெயர்களை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். வழங்கியைத் தேர்வதிலும் ஏறத்தாழ இதே முறைதான்: நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் உங்கள் இணைய நிறுவனம் கொடுத்ததே நிற்கும்.

ஆனால் வழங்கி தருவது உலகப் பொது நேரம் மட்டுமே. அதில் ஐந்தரை மணியைக் கூட்டுவது தொலைபேசிக்குள் இருக்கும் நேர வலயத் தரவு. அந்தத் தரவில் இலங்கைக்குரிய பக்கம் கொஞ்சம் சிக்கலானது. 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தினார்கள், ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். விடுதலைப் புலிகள் தமது பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. படுவான்கரையின் பெரும்பகுதி அன்று அவர்கள் கையில். எழுவான்கரையில் அரச நேரம், வாவிக்கு அப்பால் அரை மணி பிந்திய நேரம். சூரியன் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை.

இன்றைய சிக்கல் இரண்டாவது தகவலில், அதாவது இடத்தில் இருக்கிறது. இட அனுமதியைக் கொடுத்திருந்தால் செயலி செய்மதி மூலம் வெல்லாவெளியை வெல்லாவெளி என்றே அறியும். மறுத்திருந்தால் சில செயலிகள் உங்கள் இணைய முகவரியை வைத்து ஊகிக்கின்றன. அந்த முகவரி உங்கள் நிறுவனத்துக்குரியது, அது பெரும்பாலும் கொழும்பையே காட்டும். பிழை 7 நிமிடம்தான் என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

வீ.பி.என். இன்னொரு வழியில் குழப்பும். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது நம்மில் பலர் கிடைத்த இலவச வீ.பி.என்.னை இறக்கிக்கொண்டோம். சிலருடைய தொலைபேசியில் அது இன்றும் தானாகவே இயங்குகிறது. "தானியங்கித் தெரிவு" என்று விட்டால் அது விரைவாகப் பதில் தரும், நெரிசல் குறைந்த வழங்கியைப் பிடிக்கும். அது சிங்கப்பூரில் இருக்கலாம். அப்போது இணைய முகவரியைப் பார்க்கும் செயலிக்கு நீங்கள் சிங்கப்பூர்வாசி. இந்தப் பிழை பெரிது, பார்த்த உடனே பிடிபட்டுவிடும். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் முன்பின் அறியாத ஒருவரின் வழங்கி ஊடாகப் போவதுதான் பிடிபடாத விடயம்.

எனவே றமழானுக்கு முன் ஒருமுறை அமைப்புகளைத் திறந்து பாருங்கள். தேவையற்ற வீ.பி.என்.னை நீக்குங்கள். நேரமும் வலயமும் தானியங்கியில் இருக்கட்டும். தொழுகைச் செயலியில் ஊரை மட்டக்களப்பு என்று கையால் தெரிவு செய்து, அது காட்டும் சுபஹ் நேரத்தை உங்கள் பள்ளிவாசலில் தொங்கும் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் நாட்காட்டியையே எடுங்கள்.