பளபளப்பைப் பார்த்து பணத்தைக் கொடுக்காதீங்க! பழைய தையல் மெஷின் வாங்கப் போன வாலிபர்

"ஒரிஜினல் சிங்கர் தம்பி! வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க!"

வடசென்னையில் ஒரு சந்து. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்து போன பிறகு பழைய சாமான் வியாபாரம் அல்லிக்குளம் என்றும், இந்த மாதிரி சந்து பொந்து என்றும் பிரிந்து கிடக்கிறது. அங்கே ஒரு கடை வாசலில் கன்னங்கரேல் என்று மின்னியது அந்தத் தையல் மெஷின். தங்க எழுத்து, புது பெல்ட், புதுப் பலகை. விலை 9 ஆயிரம்.

எதிரே நின்ற வாலிபரின் சட்டைப் பையில் இருந்தது 6 ஆயிரம். சீட்டு எடுத்த பணம். அம்மாவுக்குத் தெரியாது.

மலையில் அறுந்த பை

வாலிபருக்கு மலை ஏறுவதில் ஆசை. வெள்ளியங்கிரி போனபோது பாதி மலையில் தோள்பையின் வார் அறுந்துவிட்டது. பையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டே இறங்கினார். நல்ல பை வாங்கலாம் என்று கடையில் விலை கேட்டால் தலை சுற்றியது. "நாமே தைத்தால் என்ன? பை, கூடாரம், மழை உறை எல்லாம் தைத்து விற்கவும் செய்யலாமே" என்று தோன்றிவிட்டது.

கடைக்காரர் இறங்கி வந்தார். "சரி, 6 ஆயிரம் கொடு. உனக்காக!"

வாலிபரின் கை பைக்குள் போனது. கூட வந்த பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் தையல் கடை வைத்திருந்து ஓய்ந்தவர் அவர்.

"இரு தம்பி. தலையைச் சாய்ச்சுப் பார்ப்போம்."

பெயிண்ட் சொன்ன ரகசியம்

எண்ணெய் விடும் துளைகளில் பெயிண்ட் அடைத்துக் கிடந்தது. புதுசாகப் பூசிய பெயிண்ட்! தங்க எழுத்து, மேலே ஒட்டிய ஸ்டிக்கர். பழைய சிங்கரில் அடித்தட்டின் வலப்பக்கம் எண் பொறித்திருக்கும். இங்கே வழவழ என்று ஒன்றுமே இல்லை. ஊசிக் கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார் பெரியவர். பல் ஆடுகிற மாதிரி ஆடியது.

"இதுல ஜாக்கெட்டே நேரா வராது. நீ கூடாரம் தைக்கப் போறியா?"

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலையில் இன்னொன்று கிடந்தது. தூசி, ஒட்டடை. சக்கரம் அசையவே இல்லை. "அது ஜாம் ஆயிடுச்சு. இரும்பு விலைக்கு எடுத்துக்குங்க, 2 ஆயிரம்" என்றார் கடைக்காரர்.

பெரியவர் துடைத்துப் பார்த்தார். எண் இருந்தது. முன்னால் எழுத்து, பின்னால் இலக்கம். எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தில் கிளைடுபாங்க் ஊரில் 1885 முதல் 1980 வரை ஓடிய சிங்கர் தொழிற்சாலையின் சரக்கு அது. பாபின் கேசைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய்! எவனோ விட்டிருக்கான். அது இறுகிப் போச்சு. உடைசல் ஒண்ணும் தெரியல."

வாலிபருக்குத் தயக்கம். ஓடாத மெஷினுக்குப் பணமா? திருப்பிக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் 1,800-க்கு முடிந்தது. ஸ்டாண்டுக்குத் தனியாக 1,200. ஆட்டோவில் ஏற்றும்போது இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். அத்தனை கனம்!

மண்ணெண்ணெய் வைத்தியம்

அன்று ராத்திரி துளை துளையாக மண்ணெண்ணெய் விட்டு வைத்தார்கள். மறுநாள் காலையில் சக்கரம் அரை அங்குலம் அசைந்தது. மதியம் கால் சுற்று. மூன்றாம் நாள் கடகட என்று சுற்றியது! அழுக்கைத் துடைத்து, மெஷின் எண்ணெய் விட்டார் பெரியவர். ஊசிக்கும் பாபினுக்கும் அலையவில்லை. பழைய கருப்பு உஷா மெஷின்கள் பெரும்பாலும் இதே அச்சுதான், அதன் சாமான் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும்.

18-ம் நம்பர் ஊசி. பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் மழையில் ஊறி மக்கிவிடுமாம். தையலை அங்குலத்துக்கு 8 என்று வைத்தார். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பது தப்பு. துணி தபால் தலை மாதிரி துளை விழுந்து கிழிந்துவிடும்.

கேன்வாஸ் நாலு மடிப்பு. மிதியை மெதுவாக அழுத்தினார் வாலிபர். ஊசி இறங்கியது, ஏறியது. தையல் மேலும் கீழும் ஒரே சீர்.

தடித்த நாடா வைத்து ஆறு மடிப்பு கொடுத்தபோது மட்டும் ஊசி வளைந்தது. "அதுக்கு ஃபேக்டரி மெஷின் வேணும் தம்பி. இது வீட்டு மெஷின். கேட்டதையெல்லாம் செய்யுமா?" என்றார் பெரியவர். கூடாரத்து மெல்லிய நைலானுக்கோ ஊசி 11-ம் நம்பருக்கு இறங்க வேண்டும். தைத்த இடத்தில் தண்ணீர் இறங்காமல் பசையும் பூச வேண்டும்.

முதல் வேலையாக அறுந்த தோள்பை வார் தைத்தாகிவிட்டது. மிச்சம் 3 ஆயிரத்தில் கேன்வாசும் நாடாவும் வாங்க மறுபடி அதே சந்துப் பக்கம் போனார் வாலிபர். கடை வாசலில் அந்தப் பளபள மெஷின் அப்படியே நின்றது. ஒரு அம்மா மகளோடு நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். வாலிபர் கிட்டே போய், "அக்கா, ஊசிக் கம்பியை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க" என்றார்.