பல் வழியாகக் கேட்கும் ஓசை

ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டையும் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாத்தியங்கள் அந்நியமல்ல. அவற்றில் வாயில் கவ்வி ஊதும் மவுத்பீஸை எதில் செய்வது என்பதுதான் வாசிப்பவர்களிடையே தீராத வழக்கு. மரம், தந்தம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என எல்லாவற்றிலும் செய்து பார்த்தாகிவிட்டது. இன்றும் பெரும்பாலானோர் வாயில் இருப்பது கறுப்பு எபோனைட்.

எபோனைட்டும் ரப்பர்தான். ரப்பரில் கொஞ்சம் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் டயருக்கான ரப்பர். கந்தகத்தை 30 சதவீதம் அளவுக்குக் கூட்டி நெடுநேரம் சூட்டில் வைத்தால் இழுபடும் குணமே போய், கருங்காலி மாதிரி இறுகிவிடும். பழைய மைப்பேனாக்களைக் கடைந்ததும் இதில்தான். வெந்நீரில் மட்டும் கழுவக் கூடாது. நிறம் பச்சையும் பழுப்புமாக மாறி, கந்தக வாடை வாயில் ஏறும்.

மவுத்பீஸின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். ரீட் என்னும் மெல்லிய நாணல் பட்டையை வைத்துக் கட்டும் இடம் தட்டையாகத் தொடங்கி, நுனியை நெருங்க நெருங்க மெல்ல வளைந்து ரீடை விட்டு விலகுகிறது. நுனியில் கிளாரினெட்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி. ஊதும்போது ரீட் அந்த வளைவின்மேல் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை படிந்து எழுகிறது. வளைவு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே உதடு கண்டுபிடித்துவிடும். மரம் தோற்றது இங்கேதான். மூச்சின் ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்கி, வளைவு கோணிப்போகும். கண்ணாடி கோணாது, ஆனால் கைதவறினால் முடிந்தது. எபோனைட் வடிவத்தையும் காக்கும். அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் இணங்கும்.

சரி, ஓசை? உலோகம் பளீரென்று ஒலிக்கும், எபோனைட் கனிவானது என்பார்கள். ஆனால் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. சுவரின் அதிர்வு மிகச் சொற்பம். 1971-இல் அமெரிக்க இயற்பியலர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் என மூன்று ஃப்ளூட் குழல்களை ஒரே உள்ளளவில் செய்து சோதித்தார். ஊதும் தலைப்பகுதி மூன்றுக்கும் ஒரே வகைப் பிளாஸ்டிக். எது எதுவென்று தெரியாமல் கேட்டவர்களாலும், ஏன், வாசித்தவர்களாலும்கூடப் பிரித்தறிய முடியவில்லை. உலோக மவுத்பீஸின் பளீருக்குப் பெரும்பாலும் அதன் குறுகிய உள்ளறையே காரணம். அதே அறையை எபோனைட்டிலும் குடையலாம்.

அப்படியானால் கலைஞர்கள் சொல்வது வெறும் பிரமையா? நான் அப்படி நினைக்கவில்லை. ஃப்ளூட் உதட்டில் மட்டுமே படும். கிளாரினெட், சாக்ஸபோன் மவுத்பீஸின்மேல் மேல்வரிசைப் பற்கள் ஊன்றி நிற்கின்றன. அதிர்வு பல்லில் ஏறி, மண்டையோட்டு வழியாக உட்காதுக்குப் போகிறது. அரங்கில் வேறு எவருக்கும் எட்டாத ஓசை அது. பல் படும் இடத்தில் மெல்லிய ரப்பர் வில்லை ஒட்டினாலே வாசிப்பவருக்கு நாதம் மாறிவிடும். உலோகம் உறுதியானதால் மெலிதாகச் செய்யலாம். வாய் திறக்கும் அளவும் குறையும். காதும் வாயும் உணர்வது மாறினால் ஊதும் விதமும் மாறத்தானே செய்யும்?

அதனால் மவுத்பீஸ் வாங்கப் போகிறவர் முதலில் நுனி இடைவெளியையும் உள்ளறையையும் பார்க்கட்டும். பிறகு நம்பகமான ஒரு காதைக் கூட்டிப்போய், முதுகைக் காட்டி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக ஊதிக் காட்டட்டும்.