குடும்பத் திட்டமும் கைபேசி எண்ணின் உரிமையும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கணவாயை ஒட்டி அமைந்துள்ள தொப்பூர், தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தது. வட்டம் என்பது உரிமம் வழங்குவதற்காக நாடு பிரிக்கப்பட்டுள்ள சேவைப் பகுதியாகும். அதே சாலையில் வடக்கே ஒசூரைத் தாண்டினால் கர்நாடக வட்டம் தொடங்கிவிடுகிறது. தருமபுரி மாவட்டத்தார் பலர் பிழைப்புக்காகப் பெங்களூருக்குச் செல்வதால், இந்த எல்லை அவர்களுடைய கைபேசி எண்ணையும் நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது மக்கள் ‘போர்ட்’ என்று சொல்வது, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோதும் ஒரே வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. 2015 ஜூலை 3 முதல்தான் தொப்பூரில் வாங்கிய எண்ணைப் பெங்களூரில் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடிந்தது.

முன்பு எண்ணின் தொடக்க இலக்கங்களே அது எந்த நிறுவனத்துக்குரியது என்பதைக் காட்டின; இன்று ஒவ்வோர் அழைப்பும், அந்த எண் தற்போது எந்த நிறுவனத்திடம் உள்ளது என்பதைத் தரவுத்தளத்தில் பார்த்த பிறகே உரிய வழியில் அனுப்பப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் அருமையைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் உணர்ந்தது. 1999இல் இங்கே சேவையைத் தொடங்கிய ஏர்செல் முடங்கித் திவால் நடவடிக்கைக்குச் சென்றபோது, வங்கி முதல் உறவினர் வரை எல்லோரிடமும் கொடுத்திருந்த எண்ணைக் காத்துக்கொள்ள மக்களுக்கு இருந்த வழி போர்ட் ஒன்றே.

குடும்பத் திட்டத்தில் சிக்கல் வேறு வகையானது. ஒருவருடைய எண் முதன்மை எண்ணாகவும் மற்றவர்களுடையவை இணைப்பு எண்களாகவும் அமைய, எல்லாவற்றுக்கும் ஒரே பில் வரும் போஸ்ட்பெய்டு ஏற்பாடே குடும்பத் திட்டம். இதில் பயன்படுத்துபவர் ஒருவராகவும் பதிவேட்டில் உள்ள பெயர் வேறொருவருடையதாகவும் இருப்பது பரவலான வழக்கம். தந்தையின் பெயரில் வாங்கிய சிம்மை மகள் பத்தாண்டுகள் பயன்படுத்தியிருந்தாலும், விதிகளின் பார்வையில் சந்தாதாரர் தந்தையே. ஆகையால் தனியாகப் பிரிய விரும்புபவர் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வதே சரியான வரிசை. பெயர் மாற்றக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது, போர்ட் செய்யத் தேவையான குறியீடு வழங்கப்படுவதில்லை. வெளிவந்த பில்லில் கெடு தாண்டிய பாக்கி இருந்தாலும் தடை உண்டு என்பதால், பொதுக் கணக்கைத் தீர்த்த பிறகே பிரிவது நல்லது.

மற்ற நடைமுறை எளியது. ‘போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடைவெளி விட்டுத் தம் எண்ணையும் 1900க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் எழுத்துகளும் எண்களுமாக எட்டு குறிகள் கொண்ட அந்தக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்குச் செல்லும். அதை ஆதார் போன்ற அடையாளச் சான்றுடன் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களிலும் வட்டம் தாண்டினால் ஐந்து வேலை நாட்களிலும் மாற்றம் முடிகிறது. இடையில் சில மணி நேரம் சேவை நிற்கும். ப்ரீபெய்டில் மீதமிருக்கும் தொகை புதிய நிறுவனத்துக்கு வராது. தற்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைவாகாத எண்ணை மாற்ற இயலாது. 2024 ஜூலை 1 முதல், தொலைந்த சிம்முக்குப் பதிலாக வேறு சிம் பெற்றவர்கள் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். பிறர் எண்ணுக்குக் கள்ளத்தனமாக சிம் வாங்கி, உடனே வேறு நிறுவனத்துக்கு மாற்றும் மோசடியை இவ்விதி தடுப்பதால், தாமதம் பொறுத்துக்கொள்ளத் தக்கதே.

பிள்ளைகள் வெளியூருக்குப் புறப்படும் வீடுகளில், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் தத்தம் பெயரில் எந்தெந்த எண்கள் பதிவாகியுள்ளன என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே பார்த்து, பயன்படுத்துபவர் பெயருக்கு அவற்றை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.