அடிச்செல்லைத் தேடும் தூரிகை

கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. புகையிலை போடுகிறவர்களில் பலர் இதை வாய்க்குள் ஒளித்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். இத்தகைய திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை, சில மாறிவிடுகின்றன. எது மாறும் என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. சதையை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்றாலோ ஆள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் பாப் ஸ்மியர் சோதனையை வாய்க்குள்ளும் செய்தால் என்ன? செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. வெள்ளைத் திட்டின் மேல் கெரட்டின் என்னும் கடினமான புரதம் தடித்துக் கிடக்கும். மரக்குச்சியால் சுரண்டினால் அந்த மேல்தோல் செல்கள்தான் வரும். கோளாறு தொடங்குவதோ அடிவரிசைச் செல்களில்.

1990-களின் இறுதியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த விறைப்பான சிறு தூரிகை இந்தத் தடையைத் தாண்டியது. திட்டின் மேல் அழுத்தி, விரல்களால் பலமுறை சுழற்ற வேண்டும். ஊசிமுனை அளவுக்கு ரத்தம் துளிர்த்தால் அடிவரிசையைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஊசிகூடத் தேவைப்படாது. தூரிகையில் ஒட்டிய செல்களை ஒரு திரவத்தில் அலசி, சளியையும் ரத்தத்தையும் நீக்கி, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பரப்புகிறார்கள்.

நுண்ணோக்கியில் முதலில் பார்ப்பது உட்கருவை. நல்ல செல்லில் அது அகன்ற உடலுக்கு நடுவே சிறு புள்ளி. கெட்டுப்போகும் செல்லில் உட்கரு பருத்து, சாயத்தை அதிகம் உறிஞ்சிக் கறுத்து, விளிம்பு கோணலாகிவிடும். உட்கருவில் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்பதைச் சாயத்தின் அடர்த்தியைக்கொண்டு கணினியே அளக்கும் முறையும் வந்திருக்கிறது. பிரியப்போகும் செல்லில் டிஎன்ஏ இரட்டிப்பாவது இயல்பு. அதையும் மிஞ்சினால் சந்தேகப்பட வேண்டும்.

தகட்டைப் பார்த்துச் சொல்லும் நிபுணர்கள் நகரங்களில்தான் இருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு மிகுந்த நம்பிக்கை பிறக்கிறது. கையடக்க நுண்ணோக்கி தகட்டைப் படமெடுத்து அனுப்ப, செயற்கை நுண்ணறிவு செல்களைத் தரம் பிரிக்கும் ஏற்பாட்டை பெங்களூரு ஆய்வாளர்கள் சோதித்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

தூரிகை பயாப்ஸிக்கு மாற்று அல்ல. தூரிகைச் சோதனையில் சந்தேகம் வந்தால் பயாப்ஸி கட்டாயம். ஒன்றுமில்லை என்று வந்தும் திட்டு மறையாவிட்டால் அப்போதும் வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் யாராவது வாயைத் திறந்து பார்த்தாக வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ வாயில் இருந்தால், வலிக்கட்டும் என்று காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.