தொட்டியில் பாசியா? அள்ளிக் கொட்டும் முன் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்!

வெயில் ஏற ஏற வீட்டுத் தோட்டத்துக் குளமும் பச்சையாகிவிடும். ஏற்காடு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில், அல்லிக்கும் மீனுக்கும் என்று வீட்டுக்குப் பின்னால் சின்னதாகக் குளம் வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. ஆனால் எல்லாப் பச்சையும் ஒரே பாசி இல்லை.

ஒரு குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். தலைமுடி போலச் சுற்றிக்கொண்டு வந்தால் அது நூல் பாசி. பயமில்லை. அள்ளிச் சிறிது நேரம் கரையிலேயே வையுங்கள், மாட்டிக்கொண்ட தலைப்பிரட்டைகள் தண்ணீருக்குத் திரும்பட்டும். பிறகு கத்தரி, மிளகாய்ச் செடிகளைச் சுற்றி மெல்லிசாகப் பரப்பினால் நல்ல மூடாக்கு. கனமாகக் குவித்தால் அழுகி நாறும். மிச்சத்தைக் காய்ந்த சருகோடு கலந்து உரக்குழியில் போடுங்கள். மீன் கழிவில் இருக்கும் தழைச்சத்து, மணிச்சத்தைத் தின்றுதான் இந்தப் பாசி வளர்கிறது. அள்ள அள்ளக் குளமும் தெளியும், செடிக்கும் உரம்.

குச்சி, பச்சை பெயின்ட்டில் தோய்த்தது போல வந்தால் கதையே வேறு. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சிலவற்றில் ஈரலைத் தாக்கும் நஞ்சு உண்டு. எதில் உண்டு, எதில் இல்லை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆடு, மாடு, நாய் எதையும் அந்தத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். கீரைக்கும் ஊற்ற வேண்டாம். 2020-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 300-க்கும் மேற்பட்ட யானைகள் செத்து விழுந்தபோது, அந்நாட்டு அரசு காரணமாகச் சொன்னது குட்டைத் தண்ணீரிலிருந்த இந்த வகைப் பாசியின் நஞ்சைத்தான்.

அதே குடும்பத்தில் ஒரு நல்ல பிள்ளையும் இருக்கிறது. பெயர் அனபீனா. அசோலாவின் இலைக்குள் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். பலர் பாசி என்றே சொன்னாலும் அசோலா ஒரு பெரணிச் செடி. இதை மாட்டுத் தீவனமாகப் பரப்பியதில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தவிடு, புண்ணாக்கு விற்கும் விலையில் கறவை மாடு வைத்திருப்பவர்கள் அவசியம் யோசிக்கலாம்.

அல்லிக் குளத்தில் விடாதீர்கள், மொத்தமாக மூடிவிடும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் தனிக் குழி, தார்ப்பாய், சலித்த மண், 2 கிலோ சாணம், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போதும். இரண்டு வாரத்தில் தினமும் அரை கிலோ வரை எடுக்கலாம். விதை அசோலாவுக்கு, சேலம் சந்தியூரிலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரியுங்கள். சேலத்து வெயிலுக்கு மேலே நிழல்வலை கட்டாயம். சாண வாடை போக நன்றாக அலசிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்!