கடைசி பெர்த் யாருக்கு?

ரயில் டிக்கெட் முன்பதிவு செய்கிறீர்கள். ஒரே ஒரு பெர்த் மீதம் உள்ளதாகத் திரை காட்டுகிறது. பென்னாகரத்தில் நீங்கள் கிளிக் செய்திடும் அதே நொடியில், திருநெல்வேலியில் இன்னொருவரும் கிளிக் செய்கிறார். பெர்த் யாருக்கு? இருவருக்குமே கிடைத்துவிட்டால்?

எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் முதலில் பழகுவது டிக்கெட் புக்கிங்தான். விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தால், சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். பதில் டேட்டாபேஸில் உள்ளது.

இந்திய ரயில்வேயில் கம்ப்யூட்டர் முன்பதிவு 1985 நவம்பரில் டில்லியில் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் லெட்ஜர்தான். லெட்ஜர் யார் கையில் உள்ளதோ அவர்தான் எழுத முடியும். 1999ல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் இணைக்கப்பட்டன. 2002ல் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் வந்ததும், லெட்ஜர் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது.

புதிதாக புரோகிராம் எழுதுபவர் இதனை இரண்டு படிகளாக எழுதுவார். முதலில் இருப்பு எத்தனை என்று டேட்டாபேஸிடம் கேட்பார். 1 என்று பதில் வந்தால், அடுத்து 0 என்று எழுதச் சொல்வார். இந்த இரண்டு படிகளுக்கும் இடையேதான் ஆபத்து. இருவருக்கும் 1 என்றே பதில் கிடைத்திருக்கும்; இருவரும் 0 என்று எழுதுவார்கள். ஒரு பெர்த், இரண்டு டிக்கெட்! வீட்டில் தனியாகச் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

சரியான வழி, இரண்டையும் ஒரே கட்டளையாகத் தருவது: "இருப்பு 0க்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்று குறை." பின்னர், எத்தனை வரிசைகள் மாறின என்று பார்க்க வேண்டும். 1 என்றால் டிக்கெட் உங்களுக்கு. 0 என்றால் வேறொருவர் முந்திவிட்டார்.

பெர்த்தைக் குறைப்பதுடன் பயணியின் பெயரையும் பதிய வேண்டுமே? நடுவில் கரண்ட் போனால்? அதற்குத்தான் டிரான்ஸாக்‌ஷன். பிகின் என்று தொடங்கி, கமிட் என்று முடிக்கும் வரை எதுவும் உறுதியாகாது. நடுவில் நின்றால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இந்தத் துறையை வளர்த்த ஜிம் கிரே 1998ல் டூரிங் விருது பெற்றார். 2007ல் தனியாகப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவே இல்லை.

டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு பயனாளருக்காகக் காத்திருக்கக் கூடாது. நீங்கள் ஓ.டி.பி. தேடி முடிக்கும் வரை பூட்டி வைத்தால், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தவிர, வங்கியின் டேட்டாபேஸ் வேறு, விற்பவரின் டேட்டாபேஸ் வேறு. அதனால்தான் எந்த ஆன்லைன் விற்பனையிலும் சில வேளைகளில் பணம் கழிந்தும் பொருள் பதிவாகாமல் போகிறது. நல்ல புரோகிராம், வங்கிக்கு அனுப்பும் முன்பே ஒரு தனி எண்ணுடன் "நிலுவை" என்று எழுதி வைக்கும். பிறகு இரு கணக்குகளையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும். எனவே பதற்றத்தில் மறுபடி பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் உங்கள் டிக்கெட் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதிக்க எஸ்.கியூ.லைட் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000ல் வெளியிட்ட இலவச டேட்டாபேஸ் இது. உங்கள் ஆண்ட்ராய்ட் போனிலும் உள்ளது. ஒரு டிரான்ஸாக்‌ஷனின் நடுவே, கமிட் தரும் முன் புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடிப் பாருங்கள். மீண்டும் திறந்தால் பழைய கணக்கு அப்படியே இருக்கும். டேட்டாபேஸ் பைலுக்குப் பக்கத்தில் ஜர்னல் என்ற பெயருடன் ஒரு பைல் தெரிந்தால், வேண்டாத பைல் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். பழைய நிலைக்குத் திரும்பும் வழி அதில்தான் எழுதப்பட்டிருக்கும்.